திரும்பி வரக்கூடாத பை

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் பதினேழு வருஷம் டிராவல்ஸ் நடத்தியவன் நான். பேர் காளிராஜ். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். கோபம் வருவதற்கென்றே ஏற்பட்ட தொழில் அது. டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருவரும் படிக்க மாட்டார்கள். படிக்காமல் போய் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து என் மேஜையைத் தட்டுவார்கள். ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்படியே நடந்தவன் எனக்குத் தெரிந்து குருசாமி ஒருவன்தான். விமானத்தைக் கோட்டைவிட இருந்தவனும் அவனேதான்.

குருசாமி தளவாய்புரத்துக்காரன். பதினாலு வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவன். நைட்டி, பாவாடை, பிளவுஸ் எதைக் கொடுத்தாலும் தைப்பான்; பேசத்தான் மாட்டான். வாழ்க்கையில் பாதிக்கு மேல் 'சரி' என்ற ஒரு வார்த்தையை வைத்தே ஓட்டிவிட்டான். கல்யாணமாகி மனைவி வேலுத்தாயின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தான். அவன் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள்.

தொண்ணூறாம் வருஷம் ஜூன் மாதம் குவைத்தில் ஒரு தையல் கம்பெனிக்கு ஆள் கேட்டார்கள். விசா கைக்கு வந்ததும் அவர்கள் தெருமுனைக் கடைப் போனுக்குத் தகவல் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் கிளம்பினால்தான் பம்பாய் ரயிலைப் பிடிக்க முடியும். குருசாமி 'சரி' என்றான், கிளம்பினான். அது நல்ல ராகு காலம். அடுத்த ரெண்டு மாதத்தில் அங்கே யுத்தம் வந்துவிட்டது. பாலைவனம் தாண்டி, ஜோர்டானில் ஒரு கூடாரத்தில் கிடந்து, அரசாங்கம் அனுப்பிய விமானத்தில் பம்பாய் வந்து, போட்டிருந்த சட்டையோடு ஊர் சேர்ந்தான். யுத்தத்துக்குக் காரணம் யார் என்று உலகமெல்லாம் ஏதேதோ சொன்னது. வேலுத்தாய் என் பேரைச் சொன்னாள்.

அடுத்த ஏப்ரலில் ஷார்ஜா. இந்த முறை அவளே காலண்டர் தாளைப் பார்த்து நாளும் நேரமும் குறித்தாள். அதற்குத் தோதாக நான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். வேலை நிலைத்தது, சம்பளம் ஒழுங்காக வந்தது. காலண்டர் ஜெயித்தது, நான் தோற்றேன். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தில் அது தெரியும்.

குருசாமி ஷார்ஜா போகும்போது வேலுத்தாய் நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்தது, முத்துப்பேச்சி என்று பேர் வைத்தார்கள், குப்புற விழுந்தாள், நடந்தாள். எல்லாம் அவனுக்குக் கடிதத்தில்தான் நடந்தது. ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டைக் கம்பெனி மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கும். அதுவரை பொறுக்க முடியாமல், தொண்ணூத்தி மூணு நவம்பரில் சொந்தக் காசில் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். சல்லிசான டிக்கெட். சாதாரண விலையில் பாதிக்குச் சற்று மேலே. விலை குறைந்த அளவுக்கு நிபந்தனை ஏறியிருந்தது.

ஷார்ஜா திரும்புவதற்கு மூன்று நாளுக்கு முன்னால், 'நான் வருகிறேன்' என்று விமானக் கம்பெனிக்கு உறுதி சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அது கட்டாயம். அதற்காக மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தான். டிக்கெட்டைப் பிரித்தேன். அதில் சிவப்பு மையில் ஒரு முத்திரை.

"என்ன போட்டிருக்குன்னு தெரியுமாலே? இந்தத் தேதிய மாத்த முடியாது. ஏறலைன்னா ஒத்தப் பைசா திரும்பி வராது. வேற கம்பெனி பிளைட்டுலயும் ஏத்த மாட்டான். சனிக்கெழம விடியக்காலம் திருவனந்தபுரத்துல நீ ஏறலைன்னா இது வெறும் தாளு."

"தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றான் குருசாமி. "ஞாயித்துக்கெழம காலையில மெஷின்ல உக்காரணும். லீவு முப்பது நாள்தான். ஒரு நாள் தள்ளுனாலும் வேற ஆளப் போட்டுருவாங்க."

வேலுத்தாய் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. என் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை விடியற்காலை விமானம் என்றால், வெள்ளிக்கிழமை மத்தியானமே ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். திருவனந்தபுரமும் மேற்கே, ஷார்ஜாவும் மேற்கே.

"அண்ணாச்சி, ஒரு நாள் முன்னப் பின்ன மாத்திக் குடுங்க."

"இம்புட்டு நேரம் யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தேன்? மாத்த முடியாதும்மா."

"துட்டு கூடக் குடுத்தா?"

"மாத்த முடியாதுன்னுதான் சல்லிசா குடுத்திருக்கான்!"

"அப்போ இவிய வியாழக்கெழமையே கெளம்பிப் போயி அங்க ஒரு நா கெடக்கட்டும்."

அப்போதுதான் குருசாமி தன் வாழ்நாளில் முதல் தடவையாக 'சரி' சொல்லாமல் இருந்தான். "இல்ல வேலு. அந்த ஒரு நாளு ஊர்ல இருந்துட்டுப் போறேன்" என்றான்.

ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முத்துப்பேச்சி அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று அவனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து இருபத்தாறு நாளாகியும் பிள்ளை அவனிடம் வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினால் 'அப்பா' என்பாள். உயிரோடு வந்து நிற்பவனைக் காட்டினால் 'அந்த ஆளு' என்பாள். பொம்மை கொடுத்தான், வாங்கிக்கொண்டாள். தூக்கப் போனான், அலறினாள். இதற்காகத்தான் அவன் அந்த டிக்கெட்டை எடுத்தான் என்று நினைக்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் நான் அதையெல்லாம் வெளியே காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. கடைப் பேரும் விலாசமும் வெள்ளை எழுத்தில் போட்ட நீல ரெக்சின் பை ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, "போயிட்டு வாலே" என்றேன்.

வேலுத்தாய் சும்மா விடவில்லை. பரஸ்தானம் வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முந்திய நல்ல நேரத்தில் போகிறவனுடைய பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பியதும் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அங்கே போய்ப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்துவிடலாம். சூலம் ஒன்றும் செய்யாது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரம். குருசாமி அம்மாவிடம் சொல்லிக்கொள்வதற்குத் தளவாய்புரம் போயிருந்தான். வேலுத்தாய் நான் கொடுத்த நீலப் பையில் ஒரு வேட்டியும் மஞ்சள் துண்டும் வைத்தாள். பிறகு யோசித்தாள். வேட்டி மட்டும் போனால் வேட்டிக்குத்தானே நல்ல நேரம்? பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அடுத்த வீட்டு வேதமணி டீச்சரிடம் கொண்டுபோனாள்.

டீச்சர் மிஷன் ஸ்கூலில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைத் தவிர வீட்டை விட்டு நகராதவர்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுன்னு உனக்குத் தெரியும்ல, வேலு?"

"நீங்க நம்ப வேண்டாம் டீச்சர். பைய வச்சிருந்தாப் போதும்."

பிறகு விதிகளைச் சொன்னாள். பையைத் திறக்கக் கூடாது. எது வந்தாலும் பை திரும்ப அவர்கள் வீட்டுக்கு வரக் கூடாது. போகிறவர்தான் வந்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பின்னால் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாற்ற முடியாது, திரும்பி வராது, அந்த ஆளைத் தவிர வேறு யாருக்கும் செல்லாது. டிக்கெட்டில் இருந்த சிவப்பு முத்திரையை அவள் அப்படியே பைக்கும் குத்தியிருந்தாள்.

அன்று சாயந்திரம் வேலுத்தாயும் பிள்ளையோடு தளவாய்புரம் போய், மூன்று பேருமாக வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வீடு திரும்பினார்கள். அவள் கதவைத் திறந்து நேரே அடுப்படிக்குப் போனாள். வழிக்குப் புளிச்சோறு கட்ட வேண்டும். குருசாமி பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினான், குளித்தான், புதுச் சட்டை போட்டான். பத்தேகாலுக்கு, "வேலு, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் குடு, சட்டையில வச்சுக்கிடுதேன்" என்றான்.

"அது பையிலல்லா இருக்கு."

"எந்தப் பையில?"

"டீச்சர் வீட்டுப் பையில."

குருசாமி அடுத்த வீட்டுக்குப் போனான். கதவில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டில் கேட்டான். விடியுமுன்பே யாரோ கார் கொண்டுவந்து டீச்சரைக் கூட்டிப் போனார்கள் என்றார்கள். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எப்போது வருவார் என்றும் தெரியவில்லை.

குருசாமி தன் வீட்டுக்குள் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏங்க, மணி பத்தரை ஆயிட்டு. ராகு காலம். இப்பப் போயி..."

"ஏட்டி, வாய மூடு!" என்றான் குருசாமி. தெருவே திரும்பிப் பார்த்தது. அவனிடம் அப்படியொரு குரல் இருப்பது கட்டியவளுக்கே அன்றுதான் தெரியும். நாலு அடியில் பூட்டுத் தெறித்தது. உள்ளே போனார்கள். நேற்று வேலுத்தாய் தன் கையால் பையை வைத்த மேஜை காலியாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், அலமாரியில் பார்த்தார்கள், அடுப்படியில் பார்த்தார்கள். பை இல்லை.

வேலுத்தாய் டீச்சர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாந்தான் கெடுத்தேன். நல்லது பண்ணுதேன்னு நானே கெடுத்துட்டேனே." குருசாமி அவளைத் திட்டவில்லை. அது அவனுக்கு வராது. "டிக்கெட்டு போச்சே, டிக்கெட்டு போச்சே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இன்னொரு டிக்கெட் எடுக்க அவனிடம் வழி இல்லை. எடுத்தாலும் பாஸ்போர்ட் இல்லாமல் அது எதற்கு? குவைத்திலிருந்து திரும்பியபோதாவது காரணம் ஊரறிந்த யுத்தம். இந்த முறை கேட்கிறவர்களிடம் என்ன சொல்வான்?

அப்போது முத்துப்பேச்சி வந்தாள். அம்மா அழுவதைப் பார்த்து அம்மாவிடம் போகவில்லை. குருசாமிக்கு முன்னால் வந்து நின்றாள். நாலாக மடித்துக் கசங்கிய ஒரு தாளை நீட்டினாள்.

"இந்தா, டிக்கெட்டு."

ஒரு மாதமாக அந்த வீட்டில் பேசியது முழுக்க டிக்கெட்டைப் பற்றித்தானே, வார்த்தை அவளுக்குப் பாடமாகியிருந்தது. அவர்கள் வீட்டுக் கதவிடுக்கில் கிடந்த தாளைக் காலையில் முதலில் உள்ளே ஓடிய அவள்தான் எடுத்திருக்கிறாள். அதுவரைக்கும் பொம்மையோடு சேர்த்து வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். குருசாமி ஒரு கையால் தாளை வாங்கினான், இன்னொரு கையால் அவளைத் தொட்டான். அவள் ஓடவில்லை. தாளில் டீச்சரின் குண்டு எழுத்து.

'வேலு, சங்கரன்கோவிலில் என் அக்காவுக்கு ரொம்பச் சுகமில்லை என்று ஆள் வந்திருக்கிறது. உங்கள் வீடு பூட்டியிருக்கிறது. பையை உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அது திரும்ப உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்று நீ சொன்னாய், நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் குருசாமி போகிற வழியிலேயே அது முன்னால் போகட்டும். நான் ராஜபாளையம் வழியாகத்தான் போகிறேன். பையில் எழுதியிருக்கிற கடையில் கொடுத்துவிடுகிறேன். கவலைப்படாதே. கர்த்தர் கூட இருப்பார்.'

அன்று காலை ஆறு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. ஆபீசுக்குப் பின்னால்தான் எனக்கு வீடு. எழுந்துவந்து பார்த்தால் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா, கையில் என் கடைப் பை, கீழே ஒரு கார் நிற்கிறது. "குருசாமி வந்து எடுத்துக்கிடுவான் தம்பி. திறக்காதீங்க. வேற யாருகிட்டயும் குடுக்காதீங்க" என்றார். இது என்ன பார்சல் ஆபீசா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தம்மா பார்த்த பார்வையில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன். வாங்கி மேஜைக்கு அடியில் தள்ளினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. தெருமுனைக் கடையிலிருந்து குருசாமி.

"அண்ணாச்சி... நம்ம பை... உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குலே. இங்கதான் கெடக்கு, என் காலுக்கடியில."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகுதான் அவன் அழுவது கேட்டது. விஷயத்தைக் கேட்டதும் கத்தினேன். "பாஸ்போர்ட்டவா அதுல வச்சிருக்கிய? இரு, திறந்து பாக்கேன்."

வேலுத்தாய் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "திறக்காதிய அண்ணாச்சி! அவிய வந்துதான் எடுக்கணும்!"

"ஏம்மா, இம்புட்டு நடந்தும் உனக்கு..."

"வெளிய தடவிப் பாருங்க. வேட்டிக்கு மேலதான் வச்சேன்."

என்ன செய்வது, தடவினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பை. வேட்டியின் மெத்தைக்கு மேலே கெட்டியாக ஒரு சின்ன அட்டை, அதற்குப் பக்கத்தில் நீளமாக வழுக்கும் டிக்கெட் உறை. "இருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எனக்கே உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"அப்போ பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடிஞ்சதும் கெளம்பி வாரோம்" என்றாள்.

"ஒனக்குப் பைத்தியமா? உன் புருஷன் நேத்தே கெளம்பியாச்சுல்லா? நேத்தே போனவன இன்னைக்கு ராகு காலம் என்னம்மா செய்யும்? முதல் பஸ்ஸுல ஏறுங்க!"

என் பேச்சில் அவள் குற்றம் கண்டுபிடிக்காமல் விட்டது அன்று ஒருநாள்தான். "நீங்க சொல்லுததும் சரிதான் அண்ணாச்சி" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வழக்கமாக வேலுத்தாய் வீட்டு வாசலோடு நின்றுகொள்வாள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரமாட்டாள். அன்று பையைக் கண்ணால் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அதனால் பிள்ளையும் வந்தது. மாடிப்படியில் அவர்கள் ஏறி வந்ததைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். முத்துப்பேச்சி குருசாமியின் தோளில் இருந்தாள். அவன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல கூட்டம் அண்ணாச்சி. எனக்கு நிக்கத்தான் இடம். இவுகளுக்கு சீட்டு கெடச்சுது. மடியில குடுத்தேன். இருந்துக்கிட்டா" என்றாள் வேலுத்தாய். குருசாமியின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பதினோரு கிலோமீட்டர். அந்த டிக்கெட்டில் அவன் வந்தது அதற்குத்தான்.

குருசாமி குனிந்து தானே பையை எடுத்து ஜிப்பைத் திறந்தான். பாஸ்போர்ட், டிக்கெட். இரண்டையும் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். வேலுத்தாய் என்னைப் பார்த்தாள். "குவைத்துக்கு நீங்க காரணம் இல்ல அண்ணாச்சி" என்றாள். மூன்று வருஷம் கழித்து எனக்கு விடுதலை கிடைத்தது. "ரொம்ப சந்தோசம்மா" என்றேன், கிண்டலாகத்தான் சொல்ல நினைத்தேன், அப்படி வரவில்லை.

திருவனந்தபுரம் பஸ் வந்து நின்றது. பெட்டியை மேலே ஏற்றினோம். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருசாமி நடந்தான். விதிப்படி நடந்தான், கழுத்தைக் கூட அசைக்காமல். விதி என்று ஒன்று இருந்தால் அவன் மீறமாட்டான், டிக்கெட்டானாலும் சரி, பையானாலும் சரி. படியில் காலை வைத்தான்.

"அப்பா!" என்று கத்தினாள் முத்துப்பேச்சி.

போட்டோவைப் பார்த்து அல்ல. கையை நீட்டி, அவன் முதுகைப் பார்த்து. குருசாமி படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் ஏற வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். முகத்தை முன்பக்கமே வைத்துக்கொண்டு, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குருசாமி சத்தமாகக் கேட்டான்.

"வேலு, பாக்கலாமா?"

நான் வேலுத்தாயைப் பார்த்தேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பாருங்க! திரும்பிப் பாருங்க! புள்ள கூப்புடுதால்லா!"

அவன் திரும்பினான்.

வேறு ஒன்றும் ஆகவில்லை. விமானம் நேரத்துக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மெஷினில் உட்கார்ந்தான், மேலும் ஆறு வருஷம் அங்கேயே தைத்தான். டீச்சரின் அக்கா பிழைத்துக்கொண்டார். டீச்சர் திரும்பிவந்து புதுப் பூட்டைப் பார்த்துச் சிரித்தார். அதற்கப்புறம் வந்துபோனபோதும் குருசாமி சல்லிசான டிக்கெட்தான் எடுத்தான், வேலுத்தாய் பரஸ்தானம்தான் வைத்தாள். ஆனால் பாஸ்போர்ட்டை அவன் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். பையை என் மேஜைக்கு அடியில் கொண்டுவந்து வைப்பாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் அவள் அதன் பிறகு ஒருதரம்கூடச் சொல்லவில்லை.